சின்னத் தீவு நாடுகள் ரோம் சாசனத்தில் சேருவது எதற்கு?

துவாலுவுக்கு ராணுவம் கிடையாது. மொத்த மக்கள்தொகை பதினோராயிரத்தை ஒட்டித்தான். நம் ஊர்ப் பக்கம் ஒரு சின்னப் பேரூராட்சியில்கூட அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். இப்படிப்பட்ட நாடுகளிடம் போய், “போர்க்குற்றங்களை விசாரிக்கும் நீதிமன்றத்தில் உறுப்பினராகுங்கள்” என்று மனித உரிமை அமைப்புகளும் பல நாட்டு எம்.பி.க்கள் சேர்ந்த குழுக்களும் இருபது வருடங்களுக்கு மேலாகக் கேட்டு வருகின்றன. கேட்கிறவர்கள் நீதி, மனசாட்சி என்று பேசுகிறார்கள். தயங்குகிறவர்கள் இறையாண்மை, செலவு என்கிறார்கள். அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனம் என்ற உடன்படிக்கை உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் இரண்டு தரப்பும் அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன.

ஈழத்தமிழர் விவகாரத்தால் ‘ஹேக்’, ‘ரோம் சாசனம்’ ஆகிய சொற்கள் நமக்கும் புதிதல்ல. ஆனால் நம் பேச்சிலும் அதே குழப்பம் இருக்கிறது. ஆகவே அடியிலிருந்து தொடங்கலாம்.

ஹேக்கில் இருப்பது ஒரு நீதிமன்றம் அல்ல, இரண்டு

இரண்டு ஊர்களுக்கு இடையே வாய்க்கால் தண்ணீர்த் தகராறு என்றால் அது சிவில் கோர்ட்டுக்குப் போகும். அந்தத் தகராறில் ஒருவர் இன்னொருவரை வெட்டிவிட்டால், வெட்டியவர் மேல் கிரிமினல் வழக்கு. தகராறு ஒன்றே, ஆனால் கோர்ட் வேறு, நிற்கிற ஆள் வேறு.

நெதர்லாந்தின் ஹேக் நகரத்திலும் இப்படித்தான். சர்வதேச நீதிமன்றம் ஐ.நா.வின் உறுப்பு, அங்கே நாடுகள்தான் வாதி, பிரதிவாதி. சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் ஐ.நா.வின் பகுதியே அல்ல. தனி உடன்படிக்கையால் உருவானது. அங்கே கூண்டில் ஏறுவது தனிமனிதர்கள். நாட்டையோ அரசாங்கத்தையோ கட்சியையோ அங்கே குற்றவாளியாக்க முடியாது.

தீவு நாடுகள் விஷயத்தில் இந்தக் குழப்பம் இரட்டிப்பாகும். காரணம், பசிபிக்கில் உள்ள வனுவாட்டு இரண்டு இடத்திலும் நிற்கிறது. பருவநிலை மாற்றம் குறித்து நாடுகளுக்கு என்ன கடமை என்று ஐ.நா. பொதுச்சபை மூலம் ஆலோசனைக் கருத்து கேட்க வைத்தது வனுவாட்டு. 2025 ஜூலை 23 அன்று அந்தக் கருத்தைச் சொன்னது முதல் நீதிமன்றம். சுற்றுச்சூழலை அழிப்பதைக் குற்றப்பட்டியலில் சேருங்கள் என்று அதே வனுவாட்டு, ஃபிஜி, சமோவா மூன்றும் 2024 செப்டம்பரில் முறைப்படி முன்மொழிந்தது இரண்டாவது நீதிமன்றத்தின் சட்டத்தில். இந்தக் கட்டுரை முழுக்க இரண்டாவதைப் பற்றியது.

அதன் அடிப்படைச் சட்டம்தான் ரோம் சாசனம். 1998 ஜூலை 17 அன்று ரோம் நகரில் 120 நாடுகள் ஆதரவாகவும் 7 எதிராகவும் வாக்களிக்க, 21 நாடுகள் ஒதுங்கி நின்றன. அறுபது நாடுகள் சேர்ந்த பிறகு 2002 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 2025 தொடக்கத்தில் உறுப்பினர்கள் 125. இந்தியாவும் இலங்கையும் அதில் இல்லை. மாலத்தீவும் மொரீஷியஸும் இருக்கின்றன.

ஸ்டெப்னி மாதிரி ஒரு நீதிமன்றம்

‘சேர்ந்தால் நம் வழக்கையெல்லாம் ஹேக்குக்குக் கொண்டுபோய்விடுவார்கள்’ என்பது அடிக்கடி கேட்கிற பயம். இந்த நீதிமன்றம் வண்டியின் ஸ்டெப்னி போன்றது. நாலு சக்கரமும் ஓடுகிறவரை அது பின்னால் சும்மா தொங்கும். ஓடுகிற டயர் பஞ்சரானால்தான் கீழே இறங்கும்.

இதைத் துணைநிலைக் கொள்கை என்பார்கள்: உள்ளூர் நீதிமன்றம் உண்மையாக விசாரித்தால் ஹேக் தலையிடாது. உள்ளூர் அரசுக்கு விசாரிக்க மனமில்லை அல்லது வலுவில்லை என்றால் மட்டுமே அது உள்ளே வரும். கண்துடைப்பு விசாரணை, வேண்டியவரைக் காப்பாற்றுவதற்கென்றே நடத்தும் விசாரணை இவையெல்லாம் ‘மனமில்லை’ கணக்கில் சேரும். இது மேல்முறையீட்டு நீதிமன்றமும் அல்ல. உள்ளூர்த் தீர்ப்பு பிடிக்கவில்லை என்று யாரும் அங்கே போய் நிற்க முடியாது.

கையில் எடுப்பதும் நாலே நாலு வகைக் குற்றங்கள்தான். ஓர் இனத்தையோ மதக்குழுவையோ அழிக்கும் நோக்கத்துடன் செய்யும் இனப்படுகொலை; பொதுமக்கள் மீது பரவலாகவோ திட்டமிட்டோ நடத்தும் தாக்குதலின் பகுதியாக வரும் கொலை, சித்திரவதை, நாடுகடத்தல் போன்ற மானுடத்துக்கு எதிரான குற்றங்கள்; சண்டையின் விதிகளை மீறும் போர்க்குற்றங்கள்; ஒரு நாட்டின் மீது சட்டவிரோதமாகப் படையெடுக்கும் ஆக்கிரமிப்புக் குற்றம். தீவுகளை அன்றாடம் வாட்டுகிற திருட்டு மீன்பிடி, போதைப்பொருள் கடத்தல், கடற்கொள்ளை எதுவும் இதில் இல்லை. சோமாலியக் கடற்கொள்ளையரை சீஷெல்ஸ் தன் சொந்த நீதிமன்றத்தில்தான் விசாரித்தது. ராணுவப் புரட்சியும் பட்டியலில் இல்லை. ஃபிஜி 1999இலேயே சேர்ந்த நாடு. அங்கே 2000இலும் 2006இலும் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புகள், கவிழ்ப்பு என்ற அளவில், இந்த நீதிமன்றத்தின் வேலையல்ல.

இதுவரை: நாடுகளை அல்ல, ஆட்களை விசாரிக்கும் நீதிமன்றம், உள்ளூர் நீதிமன்றம் தவறும்போது மட்டும் வரும், நாலு வகைப் பெருங்குற்றம் தவிர வேறெதையும் தொடாது.

கை எதுவரை நீளும்?

ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கு எல்லை இருக்கிற மாதிரி, நீதிமன்றத்துக்கு உள்ள எல்லைதான் அதிகார வரம்பு. ரோம் சாசனத்தில் அது முக்கியமாக இரண்டு கயிறுகளில் கட்டப்பட்டிருக்கிறது. குற்றம் நடந்த இடம் உறுப்பு நாட்டின் மண்ணாக இருக்க வேண்டும். இல்லையென்றால், செய்த ஆள் உறுப்பு நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும்.

முதல் கயிற்றைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். மண் உறுப்பு நாட்டினுடையது என்றால், அதில் குற்றம் செய்தவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி, அவருடைய நாடு சாசனத்தில் சேராவிட்டாலும் சரி, நீதிமன்றம் விசாரிக்கலாம். சொந்தப் படை இல்லாத தீவுக்கு இதில்தான் லாபம். வெளியிலிருந்து வரும் கூலிப்படையோ அந்நியப் படையோ அந்த மண்ணில் செய்வதற்கு, தீவின் போலீஸைவிட நீளமான ஒரு கை கிடைக்கிறது. அண்டை நாடுகளிலேயே இதற்கு உதாரணம் உண்டு. மியான்மர் உறுப்பினர் அல்ல, வங்கதேசம் உறுப்பினர். ரோஹிங்கியாக்களை விரட்டியடித்தபோது அவர்கள் எல்லை தாண்டி வந்து விழுந்தது வங்கதேச மண்ணில். குற்றத்தின் ஒரு பகுதி உறுப்பு நாட்டில் நிறைவேறினால் போதும் என்று 2018இல் நீதிபதிகள் சொன்னார்கள். 2019 நவம்பரில் விசாரணைக்கு அனுமதியும் கொடுத்தார்கள்.

தீவுக்கு மண் எது? கரையிலிருந்து 12 கடல் மைல் வரையிலான ஆட்சிக் கடலும் மண் கணக்குதான். ஆனால் 200 கடல் மைல் வரை நீளும் தனிப் பொருளாதார மண்டலம் அப்படியல்ல. அங்கே மீனுக்கும் கனிமத்துக்கும் உரிமை உண்டே தவிர அது நாட்டின் நிலப்பரப்பு ஆகாது. கிரிபாட்டி போன்ற நாடுகளின் வரைபடத்தைப் பார்த்து ‘பசிபிக்கில் இவ்வளவு பெரிய பகுதி நீதிமன்றத்தின் கீழ் வந்துவிட்டது’ என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

மண்ணைவிட சுவாரசியமானது கப்பல். ஒரு கப்பல் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அதுவே கொடி நாடு. நடுக்கடலில் அந்தக் கப்பலின் மேல்தளம் கொடி நாட்டின் மண் போலவே கருதப்படும். சாசனம் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது, விமானத்துக்கும் சேர்த்து. இப்போது யோசியுங்கள்: உலகின் மிகப் பெரிய கப்பல் பதிவேடுகளில் ஒன்று மார்ஷல் தீவுகளுடையது. அது 2000ஆம் ஆண்டிலேயே சாசனத்தில் சேர்ந்துவிட்டது. ஆக, கிரேக்க முதலாளி, பிலிப்பைன்ஸ் மாலுமிகள், சீனச் சரக்கு என்று போகிற எத்தனையோ கப்பல்கள், பின்பக்கம் பறக்கிற அந்தக் கொடியால் ஹேக்கின் வரம்புக்குள் வந்துவிடுகின்றன.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2010 மே 31 அன்று காஸாவுக்கு நிவாரணப் பொருள்களுடன் போன ‘மாவி மர்மரா’ கப்பலை இஸ்ரேலியப் படையினர் நடுக்கடலில் மடக்கினார்கள். பத்துப் பேர் உயிரிழந்தார்கள், அதில் ஒருவர் பிறகு மருத்துவமனையில். இஸ்ரேல் உறுப்பினர் அல்ல, கப்பலை இயக்கிய அமைப்பு இருந்த துருக்கியும் அல்ல. ஆனால் கப்பல் பதிவாகியிருந்தது இந்தியப் பெருங்கடலின் சின்னஞ்சிறு தீவுக்கூட்டமான கொமொரோஸில். கொமொரோஸ் 2006 முதல் உறுப்பினர். அந்த ஒரு பதிவுச் சான்றிதழை வைத்து 2013இல் கொமொரோஸ் இந்த விவகாரத்தை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. முடிவு என்ன? போர்க்குற்றம் நடந்ததாக நம்ப இடமிருக்கிறது, ஆனால் ஹேக் வரை கொண்டுவரும் அளவுக்கு வழக்கு பாரதூரமானதல்ல என்று தலைமை வழக்குத் தொடுநர் 2014இல் சொல்லிவிட்டார். மறுபடி பாருங்கள் என்று நீதிபதிகள் திருப்பி அனுப்பியும் அவர் அலுவலகம் மாறவில்லை. 2020இல் விவகாரம் ஓய்ந்தது. கதவைத் தட்டும் உரிமை அந்தத் தீவுக்கு இருந்தது, கதவும் திறந்தது, வழக்கு மட்டும் நடக்கவில்லை. பிரசாரம் செய்கிறவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள், எதிர்ப்பவர்கள் இரண்டாம் பாதியை மட்டும்.

இந்த இடத்தில் இன்னொரு தவறும் சகஜம்: பாதிக்கப்பட்டவர் நம் நாட்டுக்காரர் என்றால் போதும் என்று நினைப்பது. போதாது. 2014 ஆகஸ்டில் கோலான் குன்றுகளில் ஐ.நா. அமைதிப்படையில் இருந்த 45 ஃபிஜி வீரர்களை ஆயுதக்குழு பிடித்துவைத்தது. இரண்டு வாரத்தில் விடுவித்தது. அமைதிப்படையைத் தாக்குவது சாசனத்தின்படி போர்க்குற்றம்தான். ஆனால் சம்பவ இடம் சிரியா, அது உறுப்பினர் அல்ல. ஃபிஜி உறுப்பினராக இருப்பதால் மட்டும் கயிறு கட்டுப்படாது. பிடித்தவர்களில் யாராவது உறுப்பு நாட்டுக் குடிமகனாக இருந்தால் அவரை மட்டும் தொடலாம்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. ஐ.நா. பாதுகாப்புச் சபை நினைத்தால் உறுப்பினர் அல்லாத நாட்டில் நடப்பதையும் விசாரிக்கச் சொல்லி நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். 2005இல் சூடானின் டார்ஃபரை, 2011இல் லிபியாவை அப்படி அனுப்பியது. ஆகவே ‘சேராமல் இருந்தால் தொடவே முடியாது’ என்பதும் சரியல்ல. ஆனால் அந்தச் சபையில் ஐந்து பேருக்கு வீட்டோ இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

இதுவரை: குற்றம் நடந்த மண், கடல், கப்பல், விமானம் உறுப்பு நாட்டினுடையதா என்று பார்ப்பார்கள், இல்லையென்றால் செய்தவரின் குடியுரிமையைப் பார்ப்பார்கள். பாதிக்கப்பட்டவரின் பாஸ்போர்ட் கணக்கில் வராது.

பாலிசி எடுத்த தேதி

விபத்து நடந்த மறுநாள் இன்சூரன்ஸ் எடுத்தால் முந்தைய நாள் விபத்துக்குப் பணம் வராது. சாசனமும் பின்னோக்கிப் போகாது. நாடு சேர்ந்து, அதற்கு அமல் தேதி வந்த பிறகு நடப்பவை மட்டுமே கணக்கில் வரும்.

அந்தத் தேதியை எண்ணுவதற்கு ஒரு சூத்திரம் உண்டு: ‘கட்டுப்படுகிறோம்’ என்ற பத்திரத்தை ஐ.நா.விடம் ஒப்படைத்த பிறகு 60ஆம் நாள் எது என்று பாருங்கள், அதற்கு அடுத்து வரும் மாதத்தின் முதல் தேதி. கிரிபாட்டி 2019 நவம்பர் 26 அன்று ஒப்படைத்தது. 60ஆம் நாள் 2020 ஜனவரி 25. அமலுக்கு வந்தது பிப்ரவரி 1. மாலத்தீவு 2011 செப்டம்பர் 21இல் ஒப்படைத்து டிசம்பர் 1இல் முழு உறுப்பினரானது.

‘இலங்கை ரோம் சாசனத்தில் சேர்ந்தால் 2009ஐ விசாரிக்கலாம்’ என்று நம் மேடைகளில் சொல்லப்படுவது இதனால்தான் அப்படியே நிற்காது. இன்று சேர்ந்தால் இன்றைக்குப் பிறகு நடப்பதுதான். பழையதைத் தொட வேண்டுமென்றால் அந்த அரசே தனியாக ஓர் அறிவிப்புக் கொடுத்து, குறிப்பிட்ட காலத்துக்கு நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்க வேண்டும். சாசனத்தின் 12ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. உறுப்பினராவதற்கு முன்பே உக்ரைன் இரண்டு முறை அப்படிச் செய்தது. அப்போதும் 2002 ஜூலை 1க்குப் பின்னால் போக முடியாது. மொரீஷியஸ் உரிமை கோரும் சாகோஸ் தீவுகளின் மக்களை 1968 முதல் 1973 வரை பிரிட்டன் வெளியேற்றியது அந்த நாட்டுக்கு ஆறாத புண். அந்த வெளியேற்றம் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது.

விலகினாலும் கணக்கு அழியாது. விலகல் கடிதம் கொடுத்து ஒரு வருடம் கழித்துத்தான் விலகல் செல்லும். உறுப்பினராக இருந்த காலத்துக் குற்றங்கள் அப்படியே நிற்கும். பிலிப்பைன்ஸ் 2019 மார்ச் 17 அன்று வெளியேறியது. அதன் முன்னாள் அதிபர் டுட்டெர்டே 2025 மார்ச்சில் கைதாகி ஹேக்குக்கு அனுப்பப்பட்டார்.

இந்த நீதிமன்றத்தை மறுபடி பேசவைத்ததே ஒரு தீவுதான்

பெரிய நாடுகளின் ஏற்பாடு, சின்ன நாடுகளை இழுக்கிறார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வரலாறு நேரெதிர். பனிப்போர்க் காலத்தில் கிடப்பில் கிடந்த யோசனையை 1989இல் ஐ.நா. பொதுச்சபையில் மறுபடி எழுப்பியது டிரினிடாட் டொபேகோ. அப்போது அதன் பிரதமர் ஏ.என்.ஆர். ராபின்சன். அவருடைய கவலை போர்க்குற்றம் அல்ல, போதைப்பொருள் கும்பல்கள். குட்டித் தீவின் போலீஸும் நீதிபதியும் அந்தப் பணத்துக்கும் துப்பாக்கிக்கும் முன்னால் தாக்குப்பிடிக்க முடியாது, அதனால் உலகப் பொது நீதிமன்றம் வேண்டும் என்றார். நீதிமன்றம் வந்தது. போதைக் கடத்தல் மட்டும் பட்டியலில் ஏறவில்லை. ஆனாலும் 1999 ஏப்ரலில் செனெகலுக்கு அடுத்து இரண்டாவதாகச் சேர்ந்த நாடு டிரினிடாட்தான்.

உறுப்பு நாடுகள் பேரவையில், அதாவது உறுப்பினர்கள் கூடி நீதிபதிகளையும் வழக்குத் தொடுநரையும் தேர்ந்தெடுத்து பட்ஜெட் போடும் சபையில், கூட்டுறவுச் சங்கம் மாதிரி ஆளுக்கு ஓர் ஓட்டு. ஜெர்மனிக்கும் ஒன்று, நவ்ருவுக்கும் ஒன்று. வீட்டோ கிடையாது. 18 நீதிபதிகள், ஒன்பது ஆண்டுப் பதவிக்காலம். 2003இல் அமர்ந்த முதல் நீதிபதிகளில் சமோவாவின் துய்லோமா நெரோனி ஸ்லேடும் டிரினிடாட்டின் கார்ல் ஹட்சன்-ஃபிலிப்ஸும் இருந்தார்கள். சமோவாவின் மக்கள்தொகை அப்போது இரண்டு லட்சத்தைத் தொடவில்லை. பாதுகாப்புச் சபையின் வாசலில் நிற்கிற நாட்டுக்கு வேறு எந்த அரங்கில் இப்படி ஓர் இடம் கிடைக்கும் என்று தெரியவில்லை.

2025 தொடக்கத்தில் இருந்த 125 உறுப்பினர்களில் ஆசிய–பசிபிக் பிரிவில் 19 நாடுகள்தான், ஆப்பிரிக்காவில் 33. பசிபிக் தீவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இந்தக் குறைவும் ஒரு காரணம். வனுவாட்டு கொண்டுவந்த சூழல் அழிப்புக் குற்றத் திருத்தம் தேறுவதற்கு உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். கடல் மட்டத்தைப் பற்றி அதிகம் பேசுகிற துவாலுவும் டோங்காவும் உறுப்பினர்கள் அல்ல. அந்த ஓட்டெடுப்பில் அவை கை தூக்க முடியாது. தேறினாலும் புதிய குற்றம், திருத்தத்தைத் தனியாக ஏற்ற நாடுகளுக்கே பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஆக்கிரமிப்புக் குற்றத்தைப் பற்றி மிகைப்படுத்தாமல் இருப்பது நல்லது. ‘யாராவது படையெடுத்தால் ஹேக் காப்பாற்றும்’ என்பார்கள். அதற்கான திருத்தத்தை உலகில் இரண்டாவதாக ஏற்றது ராணுவமே இல்லாத சமோவாதான், 2012இல். ஆனால் இந்த ஒரு குற்றத்துக்கு மட்டும் விதி வேறு: படையெடுக்கிற நாடு உறுப்பினர் இல்லையென்றால், பாதுகாப்புச் சபை அனுப்பாமல் அதன் தலைவர்களைத் தொட முடியாது. பசிபிக்கில் வலம்வரும் பெரிய கடற்படைகள் யாருடையவை என்று யோசித்தால் இந்தக் கவசத்தில் எவ்வளவு ஓட்டை என்று தெரியும்.

தயக்கங்களில் எது நிஜம்?

பணம் பெரிய காரணம் அல்ல. சந்தா ஐ.நா. சந்தா விகிதத்தை ஒட்டிப் போடப்படுகிறது. அதில் அடிமட்டம் 0.001 சதவீதம். 2024இல் நீதிமன்றத்தின் பட்ஜெட் சுமார் 18.7 கோடி யூரோ. மிகச் சிறிய நாட்டின் பங்கு வருடத்துக்குச் சில ஆயிரம் யூரோ. ஓர் அமைச்சர் ஒரு மாநாட்டுக்குப் போய்வரும் விமானச் செலவு. பாக்கி இரண்டு வருடச் சந்தா அளவுக்கு ஏறினால் ஓட்டுரிமை போகும். தண்டனைக் கைதிகளுக்கு ஜெயில் கட்ட வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம், விருப்பம் தெரிவித்த நாடுகள்தான் கைதிகளை ஏற்கின்றன. பிடித்த ஆளை ஹேக்குக்கு அனுப்பும் பயணச் செலவும் நீதிமன்றத்துடையது.

அமெரிக்க அழுத்தம் நிஜம். தன் வீரர்களை ஹேக்குக்கு அனுப்ப மாட்டோம் என்று தனி ஒப்பந்தம் போடச் சொல்லி 2002க்குப் பிறகு அமெரிக்கா நாடு நாடாகக் கேட்டது. கையெழுத்திட மறுத்த பார்படோஸ், டிரினிடாட் டொபேகோ போன்ற உறுப்பினர்களுக்கு 2003இல் ராணுவ உதவி நின்றது. பின்னாளில் அமெரிக்காவே அந்தத் தடைகளைத் தளர்த்தியது. பலாவ், மைக்ரோனேஷியா போன்றவை பாதுகாப்புக்கும் பட்ஜெட்டுக்கும் அமெரிக்க ஒப்பந்தத்தையே நம்பியிருப்பவை. அவற்றின் தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. அதே சமயம், அதேபோன்ற ஒப்பந்தம் வைத்திருக்கும் மார்ஷல் தீவுகள் உறுப்பினராகத்தான் இருக்கிறது.

மன்னர் பிரச்சினை அரசியலமைப்புப் பிரச்சினை. சாசனத்தின் 27ஆம் பிரிவு, பதவியைக் காட்டித் தப்பிக்கும் விலக்குரிமையை, அதாவது தலைவர் என்பதற்காக வழக்கே போடக்கூடாது என்ற பாதுகாப்பை, ஏற்பதில்லை. டோங்காவின் அரசியலமைப்போ மன்னரைப் புனிதமானவர் என்கிறது. இதை முன்கூட்டியே பேசித் தீர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியா பாடம். 2019 மார்ச்சில் சேர்ந்தது. சுல்தான்களின் நிலை என்னாகும் என்று கிளம்பிய புயலில், அமலுக்கு வரும் முன்பே ஏப்ரலில் பத்திரத்தைத் திரும்பப் பெற்றது. ‘இந்த ஒரு பிரிவு மட்டும் எங்களுக்கு வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்துச் சேரவும் சாசனத்தில் வழியில்லை.

‘எங்கள் ஊரில் இதெல்லாம் நடக்காது’ என்பது கடைசி. சாலமன் தீவுகள் 1998 டிசம்பரில் கையெழுத்திட்டது. அந்த மாதங்களிலேயே குவாடல்கனால் தீவில் தொடங்கிய இனமோதல் ஐந்து வருடம் நீண்டு, 2003 ஜூலையில் ஆஸ்திரேலியா தலைமையில் பிராந்தியப் படை வந்த பிறகுதான் அடங்கியது.

அக்ரிமென்ட் வேறு, கிரயம் வேறு

வீடு வாங்க அக்ரிமென்ட் போட்டால் வீடு நம்முடையது ஆகிவிடாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயம் ஆக வேண்டும். சாசனத்தில் கையெழுத்திடுவது அக்ரிமென்ட். கையெழுத்திட்ட நாடு பிறகு ‘கட்டுப்படுகிறோம்’ என்று உறுதி சொல்வது ஏற்புறுதி. அதுதான் கிரயம். கையெழுத்துக்கான காலம் 2000 டிசம்பர் 31 உடன் முடிந்துவிட்டது. அதற்குள் கையெழுத்திட்ட சாலமன் தீவுகள், ஜமைக்கா, பஹாமாஸ் இன்னும் அக்ரிமென்டிலேயே நிற்கின்றன. கையெழுத்திடாத துவாலு, டோங்கா, பலாவ் போன்றவை நேராகக் கிரயத்துக்கே வரலாம். அதற்கு இணைவு என்று பெயர். சட்ட விளைவில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

நடைமுறை இது: அமைச்சரவை முடிவு, தேவையான நாடுகளில் நாடாளுமன்ற ஒப்புதல், பிறகு ஒரு பக்கப் பத்திரம். அந்தப் பத்திரத்தில் நாட்டுத் தலைவர், அரசாங்கத் தலைவர் (பிரதமர் போன்றவர்), வெளியுறவு அமைச்சர் மூவரில் ஒருவர் கையெழுத்திட வேண்டும். சட்டத்துறைத் தலைவரோ தூதரோ தம் பெயரில் போட்டு அனுப்பினால் திரும்பி வரும். நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தின் உடன்படிக்கைப் பிரிவில் அதை ஒப்படைத்த தேதியிலிருந்துதான் அந்த 60 நாள் எண்ணிக்கை ஓடும். கூடவே, நீதிமன்றம் கோரிக்கை அனுப்பினால் எந்த அலுவலகத்துக்கு, எந்த மொழியில் அனுப்ப வேண்டும் என்று தெரிவிக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தை விட்டுவிட்டால் ஹேக்கின் கடிதம் தூதரகம், வெளியுறவுத் துறை, சட்டத் துறை என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

பத்திரம் எளிது. அதற்குப் பிந்தைய உள்நாட்டுச் சட்டம்தான் இழுக்கும். டிரினிடாட் 1999இல் சேர்ந்தது, சட்டம் 2006. சமோவா 2002, சட்டம் 2007. மொரீஷியஸ் 2002, சட்டம் 2011. பிரசாரம் செய்கிறவர்கள் சேர்ந்த அன்று படம் எடுத்துக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்பது என் நெடுநாள் புகார். தீவின் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் சட்டம் எழுதத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருப்பார்கள். மீன்பிடி, வரி, புயல் நிவாரணம் எல்லாவற்றுக்கும் அவர்களே எழுத வேண்டும். காமன்வெல்த் செயலகம் தயாரித்த மாதிரிச் சட்டம் இருப்பதால் வெற்றுத்தாளிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அதிலிருந்து எடுத்துத் தைக்க வேண்டியவை மூன்று: நாலு குற்றங்களையும் உள்ளூர்த் தண்டனைச் சட்டத்தில் ஏற்றுவது, ஹேக் கேட்டால் கைதுசெய்து ஒப்படைக்கும் நடைமுறை, ஹேக் வழக்கில் பொய்ச்சாட்சி சொல்வதையும் சாட்சியை மிரட்டுவதையும் உள்ளூரிலும் குற்றமாக்குவது. முதலாவது இல்லாவிட்டால் ஸ்டெப்னிக் கொள்கையின் பயன் குறையும்; உள்ளூரில் வழக்குப் போடப் பொருத்தமான சட்டப்பிரிவு இல்லையென்றால் ‘நாங்களே விசாரிக்கிறோம்’ என்று சொல்வது கடினம்.

இரண்டாவது இல்லாவிட்டால் நடப்பதைக் கற்பனை செய்வது கடினமல்ல. வாரத்துக்கு மூன்று விமானம் வந்துபோகும் ஒரு தீவு விமான நிலையத்தில், பிடிவாரண்ட் உள்ள ஒருவர் இறங்குகிறார். ஹேக்கிலிருந்து தற்காலிகக் கைதுக்கான கோரிக்கை வருகிறது. ஆவணங்கள் முழுமையாக வந்து சேர நீதிமன்றத்தின் விதிகள் 60 நாள் தருகின்றன. சட்டம் இருக்கிற தீவில் போலீஸ் அவரைப் பிடித்து, தாமதிக்காமல் உள்ளூர் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும். வாரண்டில் உள்ள ஆள் இவர்தானா, முறைப்படி பிடித்தார்களா, இவருடைய உரிமைகள் மதிக்கப்பட்டனவா என்று மட்டும் அவர் பார்ப்பார். வாரண்ட் சரியா தப்பா என்று ஆராயும் அதிகாரம் அவருக்கு இல்லை. சட்டம் இல்லாத தீவில் அதே ஆளைப் பிடித்தால், அவருடைய வக்கீல் மறுநாள் காலை ஆட்கொணர்வு மனுப் போடுவார். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் பிடித்தீர்கள் என்று நீதிபதி கேட்பார். நியூயார்க்கில் ஒப்படைத்த அந்த ஒரு பக்கப் பத்திரம் அதற்குப் பதிலாகாது. அடுத்த விமானத்தில் அவர் போய்விடுவார்.